நிலக்கரி எடுத்த ஊரும் எடுக்காத ஊரும்

புதுச்சேரிக்கென்று பெரிய மின்நிலையம் கிடையாது. காரைக்காலில் எரிவாயுவில் ஓடும் 32.5 மெகாவாட் நிலையம் ஒன்றுதான் சொந்தம். கருவடிக்குப்பத்திலும் லாஸ்பேட்டையிலும் எரியும் விளக்குகளுக்கு வேண்டிய மின்சாரம் வெளியிலிருந்து வாங்கப்படுகிறது. அதில் ஒரு பங்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தென்மேற்கே, நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து உண்டாக்கப்படுவது. அதே நிலக்கரி புதுச்சேரி மண்ணுக்கு அடியிலும் இருக்கிறது. பாகூர்ப் பகுதியில் சுமார் 41 கோடி டன் இருப்பதாக மத்திய அரசின் கையிருப்புக் கணக்கு சொல்கிறது. அதில் இதுவரை ஒரு டன்கூட வெட்டி எடுக்கப்படவில்லை. ஓர் ஊர் எடுத்தது, இன்னோர் ஊர் எடுக்கவில்லை. நிலத்தடிச் செல்வத்தை வைத்து ஒரு வளரும் நாடு எப்படி முன்னேறுகிறது, அந்த முன்னேற்றத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதைப் பார்க்க இந்த இரண்டு ஊர்களும் போதும்.

கருவடிக்குப்பத்துக்கு மேற்கே கோரிமேடு, லாஸ்பேட்டை பக்கம் நிலம் செம்மண் மேடாக உயர்கிறது. புவியியலாளர்கள் இந்தப் பாறைத் தொகுதியைக் கடலூர் மணற்கல் என்கிறார்கள். வானூர் வட்டத்துத் திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்களும் இந்தத் தொகுதியைச் சேர்ந்தவையே. அவற்றைப் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா 1781-லேயே பார்த்து எழுதியிருக்கிறார். நெய்வேலியின் நிலக்கரிப் படுகை இருப்பதும் இந்த மணற்கல்லுக்குள்தான். பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் இதன் மேல் விளைகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தத் தொகுதி ஒரு பெரிய நீர்த்தேக்கம். புதுச்சேரி நகரம் குடிப்பது நிலத்தடி நீரைத்தான். ஆகவே இங்கே நிலக்கரி பற்றிய பேச்சு எப்போதும் தண்ணீரைப் பற்றிய பேச்சாகவும் இருக்கிறது.

கண்டுபிடிப்பும் தண்ணீரைத் தேடியபோது நேர்ந்ததே. 1880-களில் பிரெஞ்சு ஆட்சியின்போது பாகூரில் ஆழ்கிணறு துளைத்தவர்களுக்குக் கறுப்பாக ஏதோ தட்டுப்பட்டது. பழுப்பு நிலக்கரி என்று தெரிந்தது, எழுதி வைத்தார்கள், அதோடு நின்றது. அரை நூற்றாண்டு கழித்து, 1930-களின் நடுவில், நெய்வேலியின் நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு போட்டபோது தண்ணீரோடு கறுப்புத் துகள் மேலே வந்தது. அவர் அதை விடவில்லை, அரசின் காதுக்குக் கொண்டுபோனார். 1940-களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை துளையிட்டுப் பார்த்துக் கையிருப்பு பெரிது என்றது.

அன்றைய சென்னை மாநிலத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. நல்ல கறுப்பு நிலக்கரி அந்த மாநிலத்தில் கிடையாது. ரயிலுக்கும் ஆலைக்கும் வேண்டிய கரி வங்காளம், பீகார் பக்கமிருந்து வர வேண்டும். மின்சாரமோ மழையை நம்பியது; மேட்டூரிலும் பைக்காராவிலும் தண்ணீர் குறைந்தால் ஆலைகளுக்கு வெட்டு. அதனால் மாநில அரசே முதலில் சோதனைக் குழி தோண்டியது. ஆனால் முழுத் திட்டத்துக்கு வேண்டிய பணம் மாநிலத்தின் கைக்கு மீறியது. காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் மத்திய அரசு பொறுப்பேற்று, 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-இல் சோவியத் உதவியுடன் கட்டிய அனல்மின் நிலையம் மின்சாரம் தந்தது. பணம் போட்டவர் உரிமையாளர் ஆனார். இதன் விளைவு பின்னால் வரும்.

பழுப்பு நிலக்கரியின் ஒரு குணத்தைக் கவனிக்க வேண்டும். நெய்வேலிக் கரியின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அதைச் சரக்கு ரயிலில் ஏற்றித் தொலைதூரம் அனுப்பினால் பாதிக் கூலி தண்ணீரைச் சுமப்பதற்கே போய்விடும். காய்ந்தால் பொடிந்துவிடும், குவித்து வைத்தால் தானாகத் தீப்பற்றும். எனவே தோண்டிய இடத்திலேயே எரிக்க வேண்டும். மின்நிலையம் சுரங்க வாசலுக்கு வந்தது இதனால்தான். மின்நிலையத்தைத் தொடர்ந்து யூரியா ஆலை, கரிக்கட்டி ஆலை, வெண்களிமண் ஆலை, வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டிய நகரியம், பள்ளிகள், மருத்துவமனை எல்லாம் வந்தன. முந்திரிக்காட்டில் ஒரு தொழில் நகரம் எழுந்தது. இதில் திட்டமிட்டவர்களின் திறமைக்கும் பங்கு உண்டு. ஆனால் கரியின் ஈரம் அவர்களுக்கு வேறு வழி வைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உர ஆலையும் கரிக்கட்டி ஆலையும் பின்னாளில் கட்டுப்படியாகாமல் மூடப்பட்டன. மின்சாரம் மட்டும் நின்றது.

பயணம் போகக்கூடிய கனிமங்களின் கதை வேறு. இரும்புத் தாது, தாமிரத் தாது, பாக்சைட் எல்லாம் கப்பலேறும், ரயிலேறும். தோண்டிய ஊரில் குழி மிஞ்சும். உருக்கு ஆலையும் வேலையும் வேறெங்கோ முளைக்கும். இந்தியா இதைக் கொள்கையாகவே வகுத்துச் செய்தது. 1950-களில் கொண்டுவந்த சரக்குக் கட்டணச் சமன்பாட்டின்படி, உருக்கு எந்த மூலைக்குப் போனாலும் ஒரே விலை. தூரத்துக்கான செலவை அரசு பொதுவில் பகிர்ந்துகொண்டது. சுரங்கத்தின் பக்கத்தில் ஆலை வைப்பதால் கிடைக்கும் ஒரே லாபமும் பீகாருக்கும் ஒடிசாவுக்கும் இல்லாமல் போயிற்று. 1990-களின் தொடக்கத்தில் அந்தக் கொள்கை கைவிடப்பட்டபோது தொழில்கள் கடற்கரை மாநிலங்களில் வேரூன்றி முடிந்திருந்தன. கோவையின் பம்புசெட்டும் சென்னையின் வாகன உதிரிபாகமும் அந்தச் சலுகையில் குளிர் காய்ந்தவை என்பதைத் தமிழகத்தில் அதிகம் பேசுவதில்லை.

இந்தோனேசியா 2020 ஜனவரியில் எதிர்த்திசையில் போனது. நிக்கல் தாதுவை அப்படியே ஏற்றுமதி செய்யத் தடை போட்டது. வேண்டுமானால் இங்கே வந்து உருக்கிக்கொள் என்றது. சுலாவேசி தீவில் உருக்காலைகள் வரிசையாக எழுந்தன. ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு 2022-இல் சாதகமான தீர்ப்பும் பெற்றது. இந்தோனேசியா மேல்முறையீடு செய்துவிட்டுத் தடையைத் தொடர்ந்தது. நெய்வேலியில் ஈரம் செய்த வேலையை அங்கே சட்டம் செய்தது. ஆனால் அந்த ஆலைகளில் பெரும்பாலானவை சீன முதலீட்டில் வந்தவை, பல நிலக்கரி மின்சாரத்தில் ஓடுபவை. ஆலை உள்ளூரில் நின்றால் மட்டும் லாபமும் உள்ளூரில் நின்றுவிடாது. இதற்குச் சுலாவேசி வரை போக வேண்டியதில்லை, நெய்வேலியே சாட்சி.

முதலில் சுரங்கம் எப்படி இயங்குகிறது என்று பார்த்துவிடலாம். கரிப் படுகை 45 மீட்டரிலிருந்து 100 மீட்டர் வரை ஆழத்தில் கிடக்கிறது. ஒரு டன் கரிக்கு ஐந்து, ஆறு கன மீட்டர் மேல்மண்ணை அள்ளிப் போட வேண்டும். இதற்கென்று ஜெர்மனியிலிருந்து வந்தவை ராட்சதச் சக்கர எந்திரங்கள். சக்கரத்தின் விளிம்பில் வாளிகள், பெரிய எந்திரத்தில் ஒரு வாளிக்கு 1,400 லிட்டர் கொள்ளளவு. சக்கரம் சுழன்று மண்ணை வழித்து ஓடுபட்டையில் கொட்ட, மண் மறுபக்கம் போய்க் குன்றாகக் குவிகிறது. ஜெர்மனியின் மென்மையான மண்ணுக்குச் செய்த வாளிப் பற்கள் கடலூர் மணற்கல்லில் தேய்ந்துபோயின. கடைசியில் வெடி வைத்துப் பாறையைத் தளர்த்திய பிறகே சக்கரத்தை இறக்க வேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய சவால் அடியில் இருந்தது. கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நீர். அதை அப்படியே விட்டால் சுரங்கத் தரையைப் பிய்த்துக்கொண்டு மேலே பொங்கும். அதனால் சுரங்கத்தைச் சுற்றி ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, இரவு பகல் பாராமல் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். பம்பை நிறுத்தினால் சுரங்கம் இல்லை. இறைத்த நீரில் ஒரு பகுதி மின்நிலையங்களுக்குப் போகிறது, ஒரு பகுதி வாலாஜா ஏரி வழியாகப் பாசனத்துக்குப் போகிறது. சுரங்க நீரால் பயிர் விளைந்த கிராமங்களும் உண்டு. சுற்று வட்டாரத்தில் ஒரு காலத்தில் தானாகப் பீறிட்ட ஊற்றுக் கிணறுகள் அடங்கிப்போய், ஆழம் ஆழமாகத் துளை போட வேண்டி வந்த கிராமங்களும் உண்டு. திட்ட அறிக்கையில் டன்னுக்கும் யூனிட்டுக்கும் விலை போட்டிருக்கிறார்கள். அந்த ஊற்றுகளுக்கு எந்தக் காலத்திலும் யாரும் விலை போடவில்லை.

இனி, பணம் யாருக்கு என்ற கேள்வி. இந்தியாவில் நிலத்தடிக் கனிமத்தின் சொந்தக்காரர் பொதுவாக மாநில அரசு. ஆனால் 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம், ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தையும் ராயல்டி விகிதத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தையும் மத்திய அரசிடம் வைத்தது. கனிமம் ஒருவருடையது, அதற்கு விலை சொல்பவர் இன்னொருவர். 2012-இல் நிலக்கரிக்கு அதன் விலையில் 14 சதவீதம் ராயல்டி என்று மத்திய அரசு நிர்ணயித்தது. பழுப்பு நிலக்கரிக்கு 6 சதவீதம். பழுப்பு நிலக்கரி தரம் குறைந்தது என்று இதற்குக் காரணம் சொல்ல முடியாது, ஏனென்றால் தரம் குறைந்தால் விலை குறையும், விலையில் சதவீதம் என்னும்போது அந்த வித்தியாசம் தானாகவே கணக்கில் வந்துவிடும். மின்கட்டணம் ஏறும் என்பதே சொல்லத்தக்க காரணம். அதில் நியாயம் உண்டு: ராயல்டி உயர்ந்தால் அது மின்சார விலையில் ஏறி, தமிழக மின்வாரியமும் புதுச்சேரி மின்துறையும் கொடுக்கும் பில்லில் வந்து நிற்கும். ஆனால் அந்த மின்சாரத்தை ஆந்திரம், கர்நாடகம், கேரளம் வாங்கும்போது அவர்களுக்கும் சேர்த்து விலையைக் குறைத்துக் கொடுப்பது கடலூர் மாவட்டம்தான்.

ராயல்டிக்கு மேல் மாநிலம் தானாக வரி போடலாமா என்ற வழக்கும் தமிழ்நாட்டில்தான் கிளம்பியது. ஊராட்சிகளுக்காக ராயல்டியின் மேல் மாநில அரசு விதித்த கூடுதல் வரியை எதிர்த்து இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் உச்ச நீதிமன்றம் போனது. ராயல்டியே ஒரு வரி, அதன் மேல் மாநிலம் இன்னொரு வரி போட முடியாது என்று 1989 அக்டோபரில் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு 35 ஆண்டுகள் கனிம மாநிலங்களின் கையைக் கட்டிப் போட்டது. 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதைத் தலைகீழாக்கியது: ராயல்டி என்பது குத்தகைக்காரர் நில உரிமையாளருக்குக் கொடுக்கும் தொகை, வரி இல்லை, கனிம நிலத்துக்கு வரி விதிக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு. உடனே தமிழ்நாடு அதே ஆண்டு கனிம வள நில வரிச் சட்டத்தை நிறைவேற்றி 2025 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சுண்ணாம்புக் கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய். பழுப்பு நிலக்கரியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சிமெண்ட் ஆலைகள் வரியை மூட்டையின் விலையில் ஏற்றப் பார்த்தன. கனிம வரி கடைசியில் வீடு கட்டுகிறவர் தலையில் விடியும் என்பது எல்லா நாட்டிலும் உள்ளதுதான்.

சட்டம் தராத பங்கைத் தமிழகம் அரசியலால் கேட்ட சந்தர்ப்பங்கள் சுவையானவை. 2002 அக்டோபரில் காவிரி நீர்ப் பிரச்சினை முற்றியபோது, தமிழ்த் திரையுலகினர் திரண்டு நெய்வேலிக்குப் போய், கர்நாடகத்துக்கு மின்சாரம் தரக்கூடாது என்று குரல் எழுப்பினார்கள். தண்ணீர் இல்லையென்றால் கரண்ட் இல்லை! 2006-இல் நிறுவனத்தின் 10 சதவீதப் பங்குகளை விற்க மத்திய அரசு முடிவெடுத்தபோது, கூட்டணியிலிருந்த தி.மு.க. கடுமையாக எதிர்த்ததால் அது நிறுத்தப்பட்டது. 2013-இல் பங்குச் சந்தை விதிகளைக் காட்டி மறுபடியும் விற்பனை வந்தது. ஜெயலலிதா அரசு இந்த முறை வேறு வழி கண்டது: சிப்காட், டிட்கோ போன்ற மாநில நிறுவனங்களே அந்தப் பங்குகளை வாங்கிக்கொண்டன, 3.56 சதவீதம். தன் மண்ணிலிருந்து எடுத்த கரியால் வளர்ந்த நிறுவனத்தில் அந்த அளவுக்குப் பங்கு பெற மாநிலம் கைக்காசு கொடுக்க வேண்டியிருந்தது.

நிலம் கொடுத்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை. சுரங்கம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. கரியைத் தின்றபடி நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் நிலம் எடுப்பதும் 1950-களில் முடிந்துபோன கதையாக இல்லாமல் ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிதாக வருகிறது. முதல் தலைமுறையில் வீட்டுக்கு ஒருவருக்கு நிரந்தர வேலை கிடைத்த குடும்பங்கள் உண்டு. பின்னால் வந்தவர்களுக்கு ஒப்பந்த வேலை. அதை நிரந்தரமாக்கக் கேட்டு வேலைநிறுத்தங்கள். மேலே பொறியாளர் பணிகள் அகில இந்தியத் தேர்வு வழியே நிரம்ப, 2022-இல் தேர்வானோர் பட்டியலில் தமிழர்கள் இல்லை என்று பெரிய சர்ச்சையே எழுந்தது.

2023 ஜூலை 26 அன்று சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில் நடந்ததை நாடே பார்த்தது. இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, கதிர் பிடித்து நின்ற நெல் வயலில் பொக்லைன்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். அறுவடைக்கு இரண்டு மாதம் பொறுத்திருக்கலாமே என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து பா.ம.க. நடத்திய முற்றுகைப் போராட்டம் வன்முறையில் முடிந்தது; போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டது. சென்னை உயர் நீதிமன்றம் விசாரித்து, அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. மின்சாரம் இல்லாமல் இருந்துவிடலாம், சோறு இல்லாமல் இருக்க முடியுமா என்பதுதான் அந்த நாட்களில் வயல்வரப்பில் நின்று பேசியவர்களின் ஒரே வாதம்.

சுரங்கம் பாதித்த மக்களுக்கென்று ஒரு நிதி 2015 முதல் சட்டத்தில் இருக்கிறது. மாவட்டக் கனிம அறக்கட்டளை என்ற பெயரில், பழைய குத்தகைகளிலிருந்து ராயல்டியில் 30 சதவீதத்துக்குச் சமமான தொகையும், ஏலத்தில் போன புதியவற்றிலிருந்து 10 சதவீதமும் மாவட்டத்துக்கு வர வேண்டும். குடிநீர், மருத்துவம், கல்வி இவற்றுக்கு முன்னுரிமை. ஆனால் ராயல்டியே 6 சதவீதம் என்றால் அதில் முப்பது சதவீதம் எவ்வளவு தேறும் என்பதை யாரும் விரல் விட்டுக் கணக்கிடலாம்: நூறு ரூபாய்க் கரிக்கு ஒரு ரூபாய் எண்பது காசு.

கனிமம் தீர்ந்த பிறகு என்ன மிஞ்சும் என்பதையும் சில நாடுகள் முன்கூட்டியே யோசித்தன. போட்ஸ்வானா 1966-இல் விடுதலை பெற்றபோது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. அடுத்த ஆண்டே ஓராபாவில் வைரம் கிடைத்தது. அது குடியரசுத் தலைவர் செரட்சே காமாவின் சொந்த இனத்தாரின் நிலப்பகுதி. கனிம உரிமை இனக்குழுக்களுக்கு இல்லை, நாட்டுக்கே என்ற சட்டத்தை அவர் அரசே கொண்டுவந்தது. பிறகு டி பியர்ஸ் நிறுவனத்தோடு பேசிப் பேசி, கூட்டு நிறுவனத்தில் சரிபாதிப் பங்கை அரசு வாங்கியது. 1994-இல் எதிர்காலத்துக்கென்று புலா நிதியும் தொடங்கியது. ஆய்வுக்கூட வைரங்கள் சந்தைக்கு வந்து இயற்கை வைரத்தின் விலை சரிந்த பிறகு அந்நாட்டு வருவாய் இப்போது ஆடிக்கொண்டிருக்கிறது. வேறு தொழில்கள் வளராமல் ஒரே கனிமத்தை நம்பியதன் தொல்லையிலிருந்து சேமிப்பு நிதியாலும் முழுதாகக் காக்க முடியவில்லை.

இந்தியாவில் இந்தச் சிந்தனை அதிசயமாக ஒரு நீதிமன்றத் தீர்ப்பில் வந்தது. கோவாவில் போர்ச்சுகீசியர் கொடுத்துவிட்டுப் போன சுரங்க உரிமைகளே பிற்காலக் குத்தகைகளாக மாறி ஓடிக்கொண்டிருந்தன. 2014-இல் உச்ச நீதிமன்றம் அவை 2007-லேயே காலாவதியானவை என்று சொல்லி, இனி விற்கும் இரும்புத் தாதுவின் விற்பனைத் தொகையில் 10 சதவீதத்தை வருங்காலத் தலைமுறைக்கான நிரந்தர நிதியில் போடச் சொன்னது. நெய்வேலிக் கரிக்கு அப்படி ஒரு நிதி கிடையாது. 1962-இல் ஓடத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020-இல் மூடப்பட்டது. அதன் இடத்தைப் புதிய 1,000 மெகாவாட் நிலையம் எடுத்துக்கொண்டது. நெய்வேலியில் ஈட்டிய லாபத்தில் ராஜஸ்தானில் சுரங்கமும், ஒடிசாவில் நிலக்கரியும், பல இடங்களில் சூரிய மின்சாரமும் வந்திருக்கின்றன. 2016-இல் நிறுவனத்தின் பெயரிலிருந்தே நெய்வேலி விரிவாக எழுதப்படுவது நின்று, என்.எல்.சி. இந்தியா ஆயிற்று.

பாகூருக்கு வருவோம். புதுச்சேரிப் பகுதியின் மொத்தப் பரப்பு 293 சதுர கிலோமீட்டர். நெய்வேலியின் முதல் இரண்டு சுரங்கங்களும் தலா ஏறத்தாழ 26 சதுர கிலோமீட்டர். இரண்டையும் தூக்கிப் புதுச்சேரி மேல் வைத்தால் ஆறில் ஒரு பங்குக்கு மேல் மறைந்துவிடும். பாகூர்தான் புதுச்சேரியின் நெற்களஞ்சியம், அங்கே ஏரிப் பாசனம் சோழர் காலத்திலிருந்து வருவது. போதாததற்குப் புதுச்சேரிக் கிராமங்களும் கடலூர் மாவட்டக் கிராமங்களும் அங்கே துண்டு துண்டாகக் கலந்து கிடக்கின்றன. கரையோரம் என்பதால், அடியிலுள்ள நீரழுத்தத்தைக் குறைத்தால் அந்த இடத்துக்குக் கடல்நீர் வரும் ஆபத்தும் கூட இருக்கிறது. 41 கோடி டன் என்ற எண் பெரிதாகத் தெரியலாம். தமிழ்நாட்டின் கையிருப்பு 3,600 கோடி டன்னுக்கும் மேல், நாட்டின் மொத்தத்தில் ஐந்தில் நான்கு பங்கு. அந்தக் கணக்கில் பாகூர் ஒரு ஓரக்குறிப்பு.

ஆனால் முடிவெடுப்பது பாகூர் இல்லை. 2023 ஏப்ரலில் மத்திய நிலக்கரி அமைச்சகத்தின் ஏலப் பட்டியலில் தஞ்சையின் வடசேரி, அரியலூரின் மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பின் கிழக்குப் பகுதி மூன்றும் இருப்பதைப் பார்த்துத்தான் தமிழக அரசுக்கே விவரம் தெரிந்தது. காவிரி வடிநிலத்துக்கென்று 2020-இல் இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைச் சுட்டி முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்கு எழுதினார்; சில நாட்களில் மூன்றும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசு தன் கையில் எடுத்துக்கொண்ட 2023-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின் விளைவாக, 2024 நவம்பரில் மதுரை அரிட்டாபட்டி வட்டாரத்தின் டங்ஸ்டன் ஏலம் வந்தது. சட்டமன்றத் தீர்மானமும் மேலூர்க்காரர்களின் நெடும் நடைப்பயணமும் சேர்ந்து 2025 ஜனவரியில் அதை ரத்து செய்ய வைத்தன. ஏலம் விட்ட பிறகு போராடி நிறுத்துவதே இங்கே வழக்கமான ஆலோசனை முறையாகிவிட்டது.

புதுச்சேரிக்கு இந்த வசதியும் குறைவு. சட்டமன்றம் இருந்தாலும் 1963-ஆம் ஆண்டின் ஒன்றியப் பிரதேச அரசுகள் சட்டப்படி எந்தப் பொருளிலும் நாடாளுமன்றம் அதற்காகச் சட்டம் இயற்றலாம்; இரண்டும் மோதினால் நாடாளுமன்றச் சட்டமே நிற்கும். பாகூரைக் காக்கும் வேளாண் மண்டலச் சட்டம் ஒன்று வந்தாலும் அதன் பலம் டெல்லியின் விருப்பத்துக்கு உட்பட்டது. 2024 தீர்ப்பு மாநிலங்களுக்குத் திறந்துவிட்ட வரிக் கதவு ஒன்றியப் பிரதேசத்துக்கு எவ்வளவு திறக்கும் என்பதும் அதே விருப்பத்தைப் பொறுத்ததே. இப்போதைக்கு அதன் நிலை ஒரு வாடிக்கையாளரின் நிலை: நெய்வேலி மின்சாரத்தை யூனிட் கணக்கில் வாங்கிக்கொண்டு, ராயல்டியும் புதிய நில வரியும் கட்டணத்தில் ஏறினால் அதையும் சேர்த்துக் கட்டுகிறது.